பதினைந்து நிமிடம் தடையா, இல்லையா?

மூன்றாம்பிறை: உயில் பற்றிய இழையில் கறார்கண்ணன் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தானே முடிவெடுக்க முடியாதவரை உறவினர் பார்க்க வருவதை அவருடைய பாதுகாவலர் தடுக்கலாமா என்ற கேள்விக்கு, “பாதுகாவலர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், உறவினர் வழக்குப் போட்டாலும் பலன் இல்லை” என்று தீர்ப்பே எழுதிவிட்டார். இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தில் 20ஆவது பிரிவைப் படியுங்கள் ஐயா. இன்னார் பார்க்க வரக்கூடாது என்று பெயர் சொல்லித் தடுக்கும் அதிகாரத்தை, அங்கே பாதுகாவலர் இடத்தில் நீதிமன்றம் நியமிக்கும் பிரதிநிதிக்குக் கொடுக்கவே முடியாது. அந்தத் தடையை நீதிமன்றம்தான் போட வேண்டும்.

கறார்கண்ணன்: தடுக்கத்தான் முடியாது. நேரம் வைக்கலாமே? வாரம் பதினைந்து நிமிடம் என்றால் அது தடையா?

மூன்றாம்பிறை: “வேண்டாம் என்றால் வேண்டாம்” என்பதில் பதினைந்து நிமிடம் எங்கே ஒளிந்திருந்தது?

கறார்கண்ணன்: சொல்லைப் பிடித்துத் தொங்காதீர்கள். பதினைந்து நிமிடம் தடையா இல்லையா?

மழைத்தூறல்: கலிஃபோர்னியாவில் 2015இல் சட்டத்தையே திருத்தினார்கள். பார்க்க வருபவரைச் சந்திப்பது, தொலைபேசியில் பேசுவது, தனக்கு வரும் கடிதத்தைப் பெறுவது எல்லாம் காக்கப்படுபவரின் சொந்த உரிமை. நீதிமன்றம் குறிப்பாக ஆணையிட்டாலொழிய பாதுகாவலர் அதில் கைவைக்க முடியாது. வானொலி அறிவிப்பாளர் கேசி கேசத்தைப் பார்க்க விடாமல் அவருடைய பிள்ளைகளை அலைக்கழித்த பிறகு வந்த திருத்தம் அது.

கறார்கண்ணன்: அரைகுறை! அங்கே தடுத்தது பாதுகாவலர் அல்ல, மனைவி. 2014இல் நீதிமன்றம் தற்காலிகப் பாதுகாவலராக நியமித்தது மகளைத்தான். உங்கள் உதாரணமே என் கட்சிக்கு வந்துவிட்டது. அதோடு நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உரிமை காக்கப்படுபவருடையது என்று. வந்து நிற்கும் உறவினருடையது அல்ல.

மழைத்தூறல்: என் பெரியம்மா இருந்த இல்லத்தில் வருகைப் பட்டியலை நீட்டினார்கள். என் பெயர் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு. யார் கோடு போட்டது என்று கேட்டதற்கு “பாதுகாவலர் சொன்னார்” என்றார்கள். ஆணை எங்கே என்றேன். பதில் இல்லை. உள்ளே பெரியம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது வாசல்வரை கேட்டது. அது யாருடைய உரிமை, சொல்லுங்கள்.

நடைவண்டி: எல்லோரும் “பாதுகாவலர்” என்றே எழுதுகிறீர்கள். “காப்பாளர்” என்பதே சரி. பாதுகாவலர் என்றால் வாசலில் தடியோடு நிற்பவர்.

மூன்றாம்பிறை: கண்ணன் சொல்லும் ஆளுக்கு அதுதான் பொருத்தம்.

கறார்கண்ணன்: தடியா? நானும் பாதுகாவலன்தான், என் அம்மாவுக்கு. அண்ணன் வந்து போன ஒரு மாலையில் அம்மாவின் இடது கட்டைவிரலில் நீல மை. சோப்புப் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் இரண்டு நாள் இருந்தது. எந்தக் காகிதத்தில் அழுத்தினான் என்று இன்றுவரை தெரியவில்லை. அதன் பிறகுதான் வாரம் பதினைந்து நிமிடம், அதுவும் என் கண்ணெதிரே. அவன் வழக்குப் போட்டான். போடட்டும். விரல் நுனி அளவு அறிவு இருப்பவர் சொல்லுங்கள், இது தடையா?

மூன்றாம்பிறை: உங்கள் கவலை நியாயமாகவே இருக்கட்டும். அதை நீதிபதியிடம் சொல்லி ஆணை வாங்கினீர்களா? அதே சட்டத்தின் 4ஆவது பிரிவு, காக்கப்படுபவரின் விருப்பத்தையும் பார்க்கச் சொல்கிறது. அம்மாவைக் கேட்டீர்களா?

கறார்கண்ணன்: அம்மா வந்தவர்களை எல்லாம் அண்ணன் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். இதில் விருப்பத்தை எங்கே போய்க் கேட்பது? இங்கிலாந்துச் சட்டத்தை வைத்து என்னை மிரட்டுவதை நிறுத்துங்கள். பதினைந்து நிமிடம் தடையா? மூன்றாவது முறை கேட்கிறேன்.

மழைத்தூறல்: நான்காவது முறை. எனக்குக் கிடைத்தது பதினைந்து நொடிகூட இல்லை.

கறார்கண்ணன்: அது உங்கள் பெரியம்மா வழக்கு. என்னிடம் ஏன் வசூலிக்கிறீர்கள்?

நடைவண்டி: காப்பாளர் என்று எழுத ஒருவருக்கும் மனமில்லை.

மூன்றாம்பிறை: உயில் இழையில் சத்தமில்லாமல் நீக்கிய பதிவை மறுபடி போடுங்கள் கண்ணன். பிறகு பேசலாம்.

கறார்கண்ணன்: எழுத்துப்பிழை இருந்தது, நீக்கினேன். பதினைந்து நிமிடம் தடை என்று எந்தப் பிரிவு சொல்கிறது? எண்ணை மட்டும் போடுங்கள்.