'தூஉம்' வெறும் இனிமைக்குத்தானா?

யாப்புப்பித்தன்:
திருக்குறளின் வான்சிறப்பு அதிகாரத்தில் வரும் அளபெடை (எழுத்தின் ஓசையை நீட்டுவது) எல்லாமே ஓசை இனிமைக்காம், எடுத்துவிட்டாலும் தளை, அதாவது சீருக்குச் சீர் இருக்கவேண்டிய ஓசைப் பிணைப்பு, தட்டாதாம். குறள்வாசகி இப்படி எழுதியதைப் படித்ததும் எரிச்சல்தான் வந்தது. 12ஆம் குறளைப் பாருங்கள்:

துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத்
துப்பாய தூஉம் மழை

முதல் ஐந்து சீரும் தேமாங்காய், அதாவது நேர் என்ற அசை மூன்று. ஆறாவது 'தூஉம்', தேமா, நேரசை இரண்டு. அதைத் 'தும்' ஆக்கினால் ஓரசை. வெண்பாவில் ஓரசைச்சீர் ஈற்றில் மட்டும்தான் நிற்கும். இங்கே குறையும் ஓசையை நிரப்பத்தான், இசை நிறைக்கத்தான், அளபெடை வந்திருக்கிறது.

குறள்வாசகி:
15ஆம் குறளையும் படியுங்கள் ஐயா. 'கெடுப்பதூஉம் கெட்டார்க்கு.' 'கெடுப்பதும்' என்று வைத்தால் கருவிளம் (நிரையசை இரண்டு), அடுத்து 'கெட்' நேர். விளம் முன் நேர் வருவது வெண்பாவுக்கு ஏற்றதுதான், தளை தட்டவே இல்லை. 'எடுப்பதூஉம் எல்லாம்' என்பதும் அப்படியே. ஓசை குறையாதபோதும் இனிமைக்காக வரும் இன்னிசை அளபெடை இது என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும்.

யாப்புப்பித்தன்:
12ஐக் கேட்டால் 15க்கு ஓடுகிறீர்கள். 'தும்' போட்டு அலகிட்டு, அதாவது சீரை அசை பிரித்து, காட்டுங்கள்.

குறள்வாசகி:
'ஆயதும்' என்பதில் உள்ள குறில்தான் நெடிலாகி அளபெடுத்திருக்கிறது. குறில் அப்படி நீண்டால் இன்னிசை. இதற்கு அலகு எதற்கு?

யாப்புப்பித்தன்:
நன்னூல் என்ற இலக்கண நூலில் அளபெடைச் சூத்திரம் 'இசைகெடின்' (ஓசை குறைந்தால்) என்றுதானே தொடங்குகிறது? 'தும்' என்றால் இசை கெடுகிறதா இல்லையா?

ஈற்றடி:
முதலடியின் அழகை யாரும் பேசக் காணோமே. நான்கு சீரும் 'துப்' என்று தொடங்குகின்றன. முற்றுமோனை!

குறள்வாசகி:
இரண்டாம் எழுத்தும் நான்கிலும் 'ப்'தான். முற்றெதுகை என்று சொல்லுங்கள்.

ஈற்றடி:
முதல் எழுத்து ஒன்றினால் மோனை இல்லையா அம்மா? நாலடியார் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் வந்து திருத்தினீர்கள். நான் இன்னும் மறக்கவில்லை.

குறள்வாசகி:
அன்று நீங்கள் வெண்பாவின் இரண்டாம் அடி இறுதியில் தனித்து நிற்கும் தனிச்சொல்லையே விட்டுவிட்டு அடி எண்ணினீர்கள்.

யாப்புப்பித்தன்:
மோனை எதுகை இருக்கட்டும். துப்பா, துப்பா என்று ஐந்து முறை ஒரே வாய்பாட்டில் அடுக்கிய வள்ளுவர் ஆறாவதில் 'தூ' என்று நீட்டுகிறார். அந்த நீட்டல் இல்லாவிட்டால் வெண்பாவே இல்லை. 'தும்' போட்டு அலகிடுங்கள் என்று மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.

குறள்வாசகி:
முதலில் 15ஆம் குறளுக்குப் பதில் சொல்லுங்கள், அப்புறம் அலகிடுகிறேன்.

ஈற்றடி:
தனிச்சொல்லை நான் விடவில்லை. நாலடியார் பேச்சை எடுத்து வந்து இங்கேயே ஒட்டுகிறேன்.