மறுமொழி: ஸ்கின்ஹெட் – ‘இனவெறி மொட்டையர்’ சரிவருமா?

ஐயா, வணக்கம். ‘ஸ்கின்ஹெட்’ என்பது முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு திரிந்த, பிரிட்டனில் தோன்றிய ஓர் இளைஞர் கூட்டத்தின் பெயர். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நீங்கள் முன்வைத்தது:

> ‘இனவெறி மொட்டையர்’ என்று வைத்தால் படிப்பவருக்கு உடனே விளங்கிவிடும்.

விளங்கும்தான். ஆனால் 1987இல் நியூயார்க்கில் ‘ஷார்ப்’ என்ற பெயரில் இனவெறியை எதிர்த்துக் கிளம்பியவர்களும் ஸ்கின்ஹெட்டுகளே. அவர்களை ‘இனவெறிக்கு எதிரான இனவெறி மொட்டையர்’ என்றா எழுதுவது?

1960களின் இறுதியில் லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தப் பாணி உருவானபோது, அந்தப் பையன்கள் ‘மோட்ஸ்’ என்ற, உடை மிடுக்குக்குப் பேர்போன முந்தைய இளைஞர் கூட்டத்திடமிருந்து கொஞ்சம் எடுத்தார்கள். ஜமைக்காவிலிருந்து குடியேறிய கறுப்பின இளைஞர்களிடமிருந்து நிறைய எடுத்தார்கள். ஆடியது ஸ்கா, ரெகே என்ற ஜமைக்கா இசை வகைகளுக்கு. வாங்கியது அந்த இசையை வெளியிட்ட ட்ரோஜன் ரெக்கார்ட்ஸின் இசைத்தட்டுகள். அதற்காக அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. அதே பையன்களில் பலர் 1969, 70லேயே கிழக்கு லண்டனில் தெற்காசியரைத் தெருவில் மடக்கி அடித்தார்கள். ஜமைக்கா பாட்டு பிடிக்கும், பக்கத்துத் தெரு வங்காளியைப் பிடிக்காது. இந்த முரண் எந்த ஒற்றைச் சொல்லிலும் அடங்காது. அடக்கப் பார்க்கவும் வேண்டாம்.

கட்சி அரசியல் கெட்டியாக ஒட்டிக்கொண்டது 1970களின் பிற்பகுதியில். வேலையில்லாத இளைஞர்களைத் தேடி நேஷனல் ஃபிரண்ட் என்ற தீவிர வலதுசாரிக் கட்சி கால்பந்து மைதானங்களுக்கும் இசைக் கச்சேரிகளுக்கும் போனது. அதே காலத்தில் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் டூ டோன் இசைத்தட்டு நிறுவனம் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த இசைக்குழுக்களை மேடையேற்றியது. அங்கேயும் கூட்டத்தில் ஸ்கின்ஹெட்டுகள் இருந்தார்கள். 1981 ஜூலை 3 அன்று லண்டனில் ஆசியர் நிறைந்த சவுத்தாலில் ‘ஓய்’ என்ற பங்க் ராக் வகை இசைக்குழுக்களின் கச்சேரிக்கு வந்தவர்களில் சிலர் ஆசியரின் கடைகளைத் தாக்க, உள்ளூர் ஆசிய இளைஞர்கள் கச்சேரி நடந்த மதுக்கடையையே எரித்தார்கள். செய்திகளில் நாம் இன்று பார்க்கும் ஸ்கின்ஹெட் உருவம் பெரும்பாலும் இதற்குப் பிந்தையது.

இனி ‘மொட்டை’க்கு வருவோம். முதல் தலைமுறை சவரக்கத்தி வைத்து மழிக்கவில்லை, மெஷின் போட்டு ஒட்ட வெட்டிக்கொண்டது. நீள்முடி ஹிப்பிகள் மீதான எரிச்சலும் அதில் உண்டு. டாக்டர் மார்டென்ஸ் பூட்ஸ், மடித்துவிட்ட ஜீன்ஸ், பென் ஷெர்மன் சட்டை எல்லாமே ‘நான் உழைக்கிறவன், ஆனால் கசங்கலாக நிற்க மாட்டேன்’ என்ற மிடுக்கு. மொட்டை என்றதும் நமக்குப் பழனி ஞாபகம் வருவது தனிச் சிக்கல்.

என் பரிந்துரை: ‘ஒட்டவெட்டுத் தலையர்’. ‘ஒட்டவெட்டியர்’ சுருக்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் முடிதிருத்துபவரைச் சொல்வதுபோல் கேட்கிறது. அரசியலைச் சொல்லவேண்டிய இடத்தில் ‘நவநாஜி’ என்றோ ‘இனவெறி எதிர்ப்பு’ என்றோ முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். நாளிதழ் செய்தியில் ‘ஸ்கின்ஹெட்’ அப்படியே இருந்தாலும் எனக்கு மறுப்பில்லை; சமூகவியல் பாடநூலுக்குத்தான் தமிழ்ச் சொல் கட்டாயம் வேண்டும்.

‘சப்கல்ச்சர்’ என்பதற்குத் ‘துணைப்பண்பாடு’ இருக்கட்டும். கால்சட்டையைத் தோளில் மாட்டும் பட்டையான பிரேசஸுக்குத் ‘தோள்வார்’ போதும். பூட்ஸைப் ‘புதைமிதி’ ஆக்கவேண்டும் என்று சென்ற மடலில் ஒருவர் கேட்டிருந்தார். அதை மட்டும் விட்டுவிடுவோம், ஐயா.