புதுப்பிப்பு: ஸ்கெட்ச் பச்சையாகிவிட்டது

போன மாதம் புலம்பியிருந்தேன்: ஃப்ரீகேட் என்ற கணினி வடிவமைப்பு மென்பொருளில் அலமாரித் தாங்கி வரைகிறேன், அகலத்தை 40 மி.மீ.யிலிருந்து 50 ஆக்கினால் திருகுத் துளைகள் கோணலாக ஓடிவிடுகின்றன என்று. தப்பு என்னுடையதுதான்.

கோடுகளைக் கண்மதிப்பில் இழுத்து வைத்திருந்தேன். ஒரு செவ்வகம் போட்டால் கிடைக்கோடு, செங்குத்துக் கட்டுப்பாடுகள் (கோடு எப்படி நிற்க வேண்டும் என்ற விதிகள்) தானாகவே வந்துவிடும். ஆனாலும் நான்கு விஷயங்கள் பாக்கி: நீளம், அகலம், வரைதளத்தின் மையப்புள்ளியிலிருந்து இரு திசைகளில் தூரம். அவற்றையும் சொன்னால்தான் ஸ்கெட்ச், அதாவது அடிப்படை வரைபடம், முழுதாகக் கட்டப்பட்டுப் பச்சையாகும். நான் நிறத்தைக் கவனித்ததே இல்லை, அலங்காரம் என்று நினைத்திருந்தேன்!

துளைகளை இப்போது நடு அச்சுக்குச் சமச்சீராகக் கட்டிவிட்டேன். அகலத்தை எவ்வளவு மாற்றினாலும் கூடவே வருகின்றன.

கூர்மையான விளிம்புகளை மழுக்கப் போட்ட வளைவுகளும் அகலத்தை மாற்றியபோது இடம் மாறின; அது தனிக் கதை. விளிம்புகளை மென்பொருள் எண் வைத்து நினைவில் கொள்கிறது. வடிவம் மாறினால் எண்ணும் மாறலாம். 2024இல் வந்த 1.0 பதிப்பில் இது பெருமளவு சரியாகியிருக்கிறது, நான் பழையதிலேயே மல்லுக்கட்டியிருக்கிறேன். இருந்தாலும் வளைவுகளை இனி கடைசியில்தான் போடுவேன்.

அப்புறம், எம்4 (4 மி.மீ. விட்டமுள்ள) திருகுக்கு 4 மி.மீ. துளை போட்டு முப்பரிமாண அச்சுப்பொறியில் அச்சடித்தேன். நுழையவே இல்லை. 4.5 வைத்து மறுபடி அச்சாகிக்கொண்டிருக்கிறது.