பார்க்கிங் தகராறு: 115(2), 118(1) போட்டு எஃப்ஐஆர். எதிர்த்தரப்பு ஏஆர் போட்டாச்சு, அடுத்து என்ன செய்வது?

வடபழனி_அசோசியேஷன்:

வணக்கம். எங்கள் அடுக்ககத்தில் குடியிருக்கும் ஒருவருக்காகக் கேட்கிறேன். ஞாயிறு இரவு 9 மணி வாக்கில் பார்க்கிங் தகராறு. நெஞ்சில் கைவைத்து முதலில் தள்ளியது எதிர்த்தரப்பு. தூணில் மோதி எழுந்த எங்கள் ஆள், கையிலிருந்த ஹெல்மெட்டால் அடித்துவிட்டார். எதிர்த்தரப்புக்காரருக்குப் புருவத்தில் கிழிந்து 3 தையல். இவருக்கு நெற்றியில் வீக்கம், முழங்கையில் சிராய்ப்பு. தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். அவர்கள் நள்ளிரவு 1 மணிக்குக் கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஏஆர் (காயத்தைப் பதியும் விபத்துப் பதிவேடு) போட்டு, மறுநாள் மாலை எஃப்ஐஆர் ஆகிவிட்டது. பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 296(பி), 115(2), 118(1), 351(2) (மிரட்டல்), கூடவே 3(5) (பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்தது). முதல் எதிரி (குற்றம் சாட்டப்பட்டவர்) இவர். இரண்டாம் எதிரி, விலக்கிவிட வந்த 63 வயது அப்பா.

"சும்மா வந்து ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, அந்த ஹெல்மெட்டையும் எடுத்துட்டு வாங்க" என்று ஸ்டேஷனிலிருந்து போன் வந்திருக்கிறது. போகலாமா? முன்ஜாமீன் வேண்டுமா? தற்காப்பு என்று சொன்னால் எடுபடுமா? லாபியில் சிசிடிவி இருக்கிறது.

சைதை_வராண்டா:

பிரிவுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பாருங்கள், பாதி பயம் போய்விடும்.

115(2) சாதாரணக் காயம். ஓராண்டு வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது மட்டும் இருந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவு இல்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. சிஎஸ்ஆர் ரசீதோடு (புகார் பெற்றதற்கு ஸ்டேஷன் தருவது) முடிந்திருக்கும். அதனால்தான் அடிதடி எஃப்ஐஆர்களில் முதல் ஆளாக 296(பி) உட்கார்ந்திருக்கும், பழைய 294(பி), ஆபாச வார்த்தை. அதற்குப் போலீஸ் நேரடியாக வழக்குப் போடலாம். பல குற்றங்களில் ஒன்று அப்படி இருந்தாலே மொத்த வழக்கும் அந்த வகைதான் என்கிறது பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 174(4). ஆனால் விசாரணையில் 296(பி) நிற்பது கஷ்டம். திட்டினார் என்பது மட்டும் போதாது, சொன்ன வார்த்தை சட்டப்படி ஆபாசமாக இருக்க வேண்டும், பொது இடத்தில் பிறருக்குத் தொல்லையாகவும் இருந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது. எஃப்ஐஆரில் அந்த வார்த்தையையே எழுதியிருக்கிறார்களா, "அசிங்கமாகத் திட்டி" என்று பொதுவாக விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

தலைவலி 118(1)தான், ஆபத்தான ஆயுதத்தால் காயம். மூன்றாண்டு வரை சிறை, 20,000 வரை அபராதம், ஜாமீனில் விடமுடியாத குற்றம். கத்தி, அரிவாள் என்றால் கேள்வியே இல்லை. மற்றப் பொருள் என்றால், தாக்கும் ஆயுதமாகப் பயன்படுத்தினால் மரணம் விளைவிக்கக் கூடியதா என்று பார்க்க வேண்டும். கல்லால் அடித்த மத்தாய் எதிர் கேரளா வழக்கில் (2005), எது ஆபத்தான ஆயுதம் என்பது அந்தப் பொருளின் அளவையும் தன்மையையும், அந்தந்த வழக்கின் சங்கதிகளையும் பொறுத்தது என்று உச்ச நீதிமன்றம் சொல்லி, பிரிவைக் குறைத்தது. ஹெல்மெட்டுக்கு இந்த வாதம் பொருந்தும். எடை என்ன, எந்தப் பக்கத்தால் பட்டது, எத்தனை அடி என்பதெல்லாம் இங்கே முக்கியம்.

போகலாமா என்றால், போன் அழைப்புக்குப் போகவேண்டாம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு, கைது அவசியமில்லை என்றால் ஆஜராகச் சொல்லும் பிஎன்எஸ்எஸ் 35(3) நோட்டீஸ் எழுத்தில் தரவேண்டும். 2014 அர்னேஷ் குமார் தீர்ப்பும் இதையே வலியுறுத்துகிறது. நோட்டீஸ் கேளுங்கள். வந்தால் வக்கீலோடு, குறிப்பிட்ட நேரத்துக்குப் போங்கள். நோட்டீஸை மதித்து நடப்பவரைக் கைது செய்வதென்றால் காரணத்தைப் பதிவு செய்தாக வேண்டும். வாங்கிவிட்டுப் போகாமல் இருந்தால் அதுவே கைதுக்கு வழி.

"ஒரு கையெழுத்து" விஷயத்தில் கறாராக இருங்கள். போலீஸிடம் சொல்லும் வாக்குமூலத்தில் சொன்னவரிடம் கையெழுத்து வாங்கக் கூடாது என்று பிஎன்எஸ்எஸ் 181 சொல்கிறது. வெற்றுத்தாளில் போட்ட கையெழுத்து பின்னால் ஒப்புதல் வாக்குமூலமாகவும் பறிமுதல் மகஜராகவும் (பொருளைக் கைப்பற்றியதாக எழுதும் பத்திரம்) மாறி நிற்கும். ஹெல்மெட்டை ஒளிக்கவோ கழுவவோ வேண்டாம், தடயத்தை அழிப்பது தனிக் குற்றம் (பிஎன்எஸ் 238). அதே சமயம் பையில் போட்டுக் கொண்டுபோய் மேசையில் வைத்துவிட்டும் வராதீர்கள். என்ன பொருள், யார், எப்போது ஒப்படைத்தார் என்று எழுதிய நகல் கைக்கு வரவேண்டும்.

அப்பா விஷயத்தில் ஒரு நுணுக்கம். 60 வயதுக்கு மேற்பட்டவரை டிஎஸ்பி நிலை அதிகாரியின் முன் அனுமதி இல்லாமல் கைது செய்யக் கூடாது என்ற 35(7), மூன்றாண்டுக்குக் *குறைவான* தண்டனை உள்ள குற்றங்களுக்கு மட்டும்தான். 118(1) மூன்றாண்டு வரை போவதால் அந்தப் பாதுகாப்பு அவருக்கு வராது.

கேஷுவல்ட்டி_நைட்:

சட்டம் மேலே வந்துவிட்டது. ஏஆர் காப்பியை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன். இந்த மாதிரி வழக்கில் அந்த ஒரு பக்கம்தான் பாதி.

புகார்தாரர் யாரிடமும் யோசனை கேட்பதற்கு முன் சொன்னது அதில் இருக்கும். எத்தனை பேர், தெரிந்தவரா தெரியாதவரா, கையாலா ஆயுதத்தாலா, எந்த இடம், எத்தனை மணி. "தெரிந்த ஒரு நபர் கையால் தாக்கியதாக" என்று ஏஆரிலும், "இருவர் சேர்ந்து ஹெல்மெட்டால்" என்று எஃப்ஐஆரிலும் இருந்தால், 118(1) ஆடும், 3(5)ஐ வைத்து இழுத்த அப்பாவும் வெளியே வர வழி கிடைக்கும். குற்றப்பத்திரிகை நகல்களோடு ஏஆரும் வரும். அதற்கு முன்பே வக்கீல் மூலம் பார்க்க முயலுங்கள்.

புருவக் கிழிசல் பற்றி: அங்கே தோலுக்கு நேர் கீழே எலும்பு. மொட்டையான பொருள் பட்டாலே, வெட்டியதுபோல நேராகக் கிழியும். முஷ்டி, சுவர் விளிம்பு, ஹெல்மெட் எல்லாமே ஒரே தோற்றம் தரலாம். "கீழே விழுந்து கரடுமுரடான தரையில் மோதினாலும் இக்காயம் ஏற்படுமா" என்று குறுக்கு விசாரணையில் கேட்டால் பெரும்பாலும் "ஏற்படலாம்" என்றுதான் டாக்டர் சொல்ல முடியும். அதற்காக அவர் விழுந்தார் என்று பொய்க்கதை கட்டவேண்டாம், கேமரா இருக்கிறது.

எக்ஸ்ரே, சிடி முடிவு என்ன என்று கவனியுங்கள். மூக்கெலும்பில் மயிரிழை விரிசல் இருந்தாலும் 116ன்படி கொடுங்காயம். வெறுங்கையால் என்றால் 117(2), ஏழாண்டு வரை. ஆபத்தான ஆயுதம் என்றால் 118(2), ஓராண்டுக்குக் குறையாமல் பத்தாண்டு வரை, அல்லது ஆயுள். பிரிவு மாற்ற அறிக்கை ஒன்று சத்தமில்லாமல் கோர்ட்டுக்குப் போய்விடும். பழைய சட்டத்தில் 20 நாள் கடும் வலி, அல்லது அன்றாட வேலை செய்ய முடியாமை என்று இருந்தது இப்போது 15 நாள். வார்டில் 15 நாள் படுத்திருந்தார் என்பது மட்டும் அதற்கு ஆதாரமாகாது.

உங்கள் ஆள் இன்றே அரசு மருத்துவமனைக்குப் போகட்டும். தாமதமானாலும் பரவாயில்லை. உண்மையான தேதி, நேரம், யார் தள்ளியது, எதில் மோதினார் என்று சொல்லிப் பதிய வைக்கட்டும். ஊமைக்காயம் சிவந்து, நீலம் பாரித்து, பச்சையாகி, மஞ்சளாகி மறையும். நிறத்தை வைத்து ஏறக்குறைய எத்தனை நாள் காயம் என்று சொல்ல முடியும். நாள் போகப்போகப் பதிவதற்கு அதிகம் மிஞ்சாது. கிளினிக் சீட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள், அந்த டாக்டரும் சாட்சியாகலாம்.

குறுக்குவிசாரணை:

தற்காப்பு எடுபடுமா என்று கேட்டிருந்தீர்கள். பிஎன்எஸ் 34 முதல் 44 வரை படியுங்கள், அதிலும் 37, 40 இரண்டையும். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது 37. ஆபத்து வரும் என்ற நியாயமான அச்சம் தோன்றும்போது உரிமை தொடங்கி, அந்த அச்சம் இருக்கும்வரை மட்டும் நீடிக்கும் என்பது 40. உங்கள் கதையில் சிக்கலே இங்கேதான். தள்ளிவிட்டவர் மீண்டும் மேலே பாய்ந்தாரா, இரண்டடி பின்வாங்கி நின்றாரா? பாய்ந்திருந்தால் ஒரே ஒரு அடி தற்காப்பு. பின்வாங்கியபின் அடித்திருந்தால் அது பழிவாங்கல். அந்த சில நொடிகளை சிசிடிவியில் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டு எந்த வாதம் என்று முடிவெடுங்கள்.

நிரூபிக்கும் பொறுப்பு எதிரிக்குத்தான் (புதிய சாட்சியச் சட்டமான சாட்சிய அதினியம் 108). ஆனால் அரசுத்தரப்பு போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, இப்படி நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எதிரியின் உடலில் இருந்த காயத்தை அரசுத்தரப்பு விளக்காமல் விட்டால் அது அவர்களுக்கே பாதகம் என்பதை லக்ஷ்மி சிங் எதிர் பீகார் (1976) தொடங்கிப் பல தீர்ப்புகள் சொல்கின்றன. சில்லறைச் சிராய்ப்புக்கு அந்த வாதம் பெரிதாக எடுபடாது. நெற்றி வீக்கம் பதிவாகியிருந்தால் பேசலாம். "நான் அங்கே இல்லவே இல்லை" என்று முதல் சாட்சியிடம் கேட்டுவிட்டு, மூன்றாம் சாட்சியிடம் "தற்காப்புக்காகத்தானே அடித்தார்" என்று கேட்டால் இரண்டும் போச்சு.

தற்காப்பு நிற்காவிட்டால் இன்னொரு படி இருக்கிறது. திடீரென்று கடுமையாக ஆத்திரமூட்டியதால் ஏற்படுத்திய காயம், 122(1): ஒரு மாதம், அல்லது 5,000 ரூபாய். 118(1)ல் மூன்றாண்டு எங்கே, இது எங்கே! வக்கீல்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

சிசிடிவிக்கு இன்று இரவே கடிதம் கொடுங்கள். டிவிஆரில் (கேமரா காட்சியைப் பதியும் பெட்டி) இடம் நிறைந்தால் பழையது தானே அழிந்துவிடும், எத்தனை நாள் தாங்கும் என்பது டிஸ்க்கின் கொள்ளளவைப் பொறுத்தது. அந்த அரைமணியை மட்டும் வெட்டாமல் முழு நாளையும் பென்டிரைவில் எடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கோப்பு சுருங்கி ஹாஷ் மதிப்பு (கோப்பின் டிஜிட்டல் கைரேகை போன்றது) மாறிவிடும், மூலம் மூலமாகவே இருக்கட்டும். கோர்ட்டில் காட்ட சாட்சிய அதினியம் 63(4) சான்றிதழ் வேண்டும், அதில் இரண்டு பகுதி: கருவியைக் கையாள்பவர் தருவது ஒன்று, நிபுணர் தருவது இன்னொன்று. புலன்விசாரணை அதிகாரியே டிவிஆரைக் கைப்பற்றக் கோரி ஒரு மனு, துணை ஆணையருக்கு நகல், பதிவுத்தபாலில். அவர் எடுக்காவிட்டால் பிஎன்எஸ்எஸ் 94ன் கீழ் கோர்ட்டில் கேட்க அந்த ஒப்புகைச் சீட்டு உதவும்.

கூடவே எதிர்ப்புகார். காவல் நிலையாணை 566 (பழைய 588-ஏ) படி, வழக்கும் எதிர்வழக்கும் இருந்தால் இரண்டையும் சேர்த்து விசாரித்து, தாக்கத் தொடங்கியது யார் என்று கண்டுபிடிக்க வேண்டியது அதிகாரியின் பொறுப்பு. பத்து நாள் கழித்துக் கொடுத்தால் "யோசித்து ஜோடித்தது" என்பார்கள்.

ஜார்ஜ்டவுன்_குமாஸ்தா:

சைதை_வராண்டா சொன்ன 35(3) சரி, ஆனால் அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்கவேண்டாம். 118(1) இருக்கும்வரை முன்ஜாமீன் போட்டுவிடுவதே நல்லது. வெள்ளிக்கிழமை மாலை தூக்கிக்கொண்டு போனால் சனி, ஞாயிறு உள்ளேதான்.

பிஎன்எஸ்எஸ் 482. உயர் நீதிமன்ற வளாகத்திலுள்ள முதன்மை அமர்வு நீதிமன்றத்தில் முதலில் போட்டு, தள்ளுபடியானால் உயர் நீதிமன்றம். எஃப்ஐஆர் நகல், இவருடைய ஏஆர் அல்லது கிளினிக் சீட்டு, எதிர்ப்புகார் ரசீது, அப்பாவின் வயதுச் சான்று இணையுங்கள். அரசு வழக்கறிஞருக்கு ஸ்டேஷனிலிருந்து குறிப்பு வரவேண்டும், அதில் முதலில் கேட்பது "காயம்பட்டவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டாரா" என்பதுதான். உள்நோயாளியாக இருக்கும்போது மனு விசாரணைக்கு வந்தால் கஷ்டம். மனு நிலுவையில் இருக்கிறது என்பதால் கைதுக்குத் தடை இல்லை, அதையும் நினைவில் வையுங்கள்.

உத்தரவு வந்தபின்தான் பலர் கோட்டைவிடுவது. வழக்கமாக 15 நாளுக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜராகி இரண்டு ஜாமீன்தாரர் கொடுக்கவேண்டும். ஜாமீன்தாரரின் போட்டோ, இடது கைப் பெருவிரல் ரேகை, ஆதார் அல்லது பாஸ்புக் நகல். கெடு தாண்டினால் உத்தரவு காலாவதி. பிறகு தினமும் காலை 10.30க்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஒரு நாள் விட்டாலும் ரத்து மனுவுக்குக் காரணம் கிடைக்கும். சில வாரம் போட்டபின் தளர்த்தக் கோரி மனு போடலாம். புகார்தாரர் அதே மாடியில் இருக்கிறார் என்றால் லிப்டில் பார்த்தாலும் பேச்சு வேண்டாம்.

புகாரில் சாதி பற்றிய வார்த்தை இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். எஸ்சி/எஸ்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் 18ஆம் பிரிவு முன்ஜாமீனுக்குத் தடை, பாதையே வேறு. செலவுக்கு வழியில்லை என்றால் 15100ல் சட்டப்பணிகள் ஆணைக்குழு.

வடபழனி_அசோசியேஷன்:

அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஜிஹெச்சில் பதிவு செய்தாயிற்று, டிவிஆர் தனியாக எடுத்து வைத்தாயிற்று. எதிர்த்தரப்பு மாமனார் மூலம் சமரசத்துக்கு வருகிறார்கள், ஒரு தொகை கேட்கிறார்கள். ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் வழக்கு முடிந்துவிடுமா?

குறுக்குவிசாரணை:

முடியாது. எஃப்ஐஆர் போட்டபின் ஸ்டேஷனில் எழுதும் பேப்பர் வழக்கை மூடாது. சமரசம் செய்யக்கூடிய குற்றங்களைச் சொல்லும் பிஎன்எஸ்எஸ் 359 பட்டியலில் 115(2) இருக்கிறது, காயம்பட்டவரே கோர்ட்டில் சமரசம் செய்துகொள்ளலாம், அது விடுதலைக்குச் சமம். 118(1) அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே உயர் நீதிமன்றத்தில் பிஎன்எஸ்எஸ் 528ன் கீழ் ரத்து மனு, கூட்டு சமரசப் பத்திரம், சமரசமானால் இப்படிப்பட்ட வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்யலாம் என்ற கியான் சிங் தீர்ப்பை (2012) வைத்து. இரு தரப்பும் அடையாள அட்டையோடு நேரில் நிற்கவேண்டும், போலீஸ் அவர்களை அடையாளம் காட்டவேண்டும். எதிர்ப்புகாரில் எஃப்ஐஆர் ஆகியிருந்தால் இரண்டு ரத்து மனுவும் ஒன்றாக வரட்டும், ஒன்று முடிந்து ஒன்று தொங்கக் கூடாது.

பணத்தை மாமனார் கையில் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். காயம்பட்டவர் பெயரில் டிடி எடுத்து, எண்ணைச் சமரசப் பத்திரத்தில் எழுதி, அவர் கோர்ட்டில் ஆஜராகும் நாளில் கொடுங்கள். அதுவரை முன்ஜாமீன் கையெழுத்தை நிறுத்தவேண்டாம்.