கேஸ் ஷீட் தர மறுக்கிறார்கள், எங்கே தொடங்குவது?

தஞ்சைத் தம்பி:
அக்காவுக்குப் போன வருடம் ஒரு தனியார் மருத்துவமனையில் சிசேரியன். தையல் ஆறியும் வயிற்று வலி விடவில்லை. மூன்று முறை அங்கேயே காட்டினோம். "வாயுதான்" என்று மாத்திரை எழுதித் தந்தார்கள். போன மாதம் வேறு இடத்தில் சிடி ஸ்கேன் எடுத்தபோதுதான் உள்ளே துணி இருப்பது தெரிந்தது. திரும்பவும் வயிற்றைத் திறந்து எடுத்தார்கள். டிரேயில் வைத்துக் காட்டினார்கள்: கைக்குட்டை அளவு, பழுப்பேறிப்போய், ஓரத்தில் நாடா. அக்கா இன்னும் குழந்தையைத் தூக்க முடியாமல் படுத்திருக்கிறாள்.

முதல் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையில் சிகிச்சைக் குறிப்புகள் அடங்கிய கேஸ் ஷீட் கேட்டால் "அது எங்கள் ஆவணம்" என்கிறார்கள். கட்டிய 85 ஆயிரத்தைத் திருப்பித் தருகிறோம், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள். மாமா போலீசுக்குப் போகலாம் என்கிறார்.

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:
அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள், தம்பி. நாடா வைத்த அந்தத் துணியை நாங்கள் மாப் என்போம். வயிற்றை மூடும் முன் எத்தனை உள்ளே போனது, எத்தனை வெளியே வந்தது என்று எண்ணி எழுத வேண்டும். உங்களுக்கு வேண்டியது அந்தப் பக்கம்தான். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது வராது. துணியை எடுத்த இடத்தில் ஆபரேஷன் குறிப்பு, பயாப்சி ரிப்போர்ட், போட்டோ எல்லாம் இன்றைக்கே வாங்கிவிடுங்கள்.

நுகர்வோர் வழக்கறிஞர்:
வாயால் கேட்டது போதும். அக்கா பெயரில், அக்கா கையெழுத்தோடு, போய்ச் சேர்ந்ததற்குச் சான்று கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, நோயாளி கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணம் தர வேண்டும். மறுத்தால் அதுவே நடத்தைத் தவறு. தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் தனியாகப் புகார் தரலாம்.

போலீஸ் வழி கடினம். ஜேக்கப் மேத்யூ வழக்கில் (2005) உச்ச நீதிமன்றம், கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு, அதற்கும் முன்னதாக வேறொரு மருத்துவரின் கருத்து வேண்டும் என்றது. இழப்பீட்டுக்கு நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது.

வழக்குப் போடக் கெடு 2 ஆண்டு. துணி தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமுண்டு, ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பித்தப்பை ஆபரேஷனில் துணியை விட்டுவிட்டார்கள் என்று கிட்டத்தட்ட 11 ஆண்டு கழித்து வந்த ஒரு பெண்ணின் வழக்கை 2010இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. இத்தனை வருடம் வலி இருந்தும் அந்த டாக்டரிடம் ஏன் காட்டவில்லை என்று கேட்டது. நீங்கள் மூன்று முறை காட்டியிருக்கிறீர்கள். அந்தச் சீட்டுகள் தங்கம்.

தஞ்சைத் தம்பி:
சார், கடிதம் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் ஜெராக்ஸ் தந்துவிட்டார்கள். 41 பக்கம். மாப் எண்ணிக்கை எழுதும் கட்டம் காலியாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தியேட்டர் நர்ஸ்:
காலியாக இருப்பதும் சாட்சிதான், தம்பி. 41 பக்கத்திலும் அவர்கள் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே போய்ப் போட்டு வாங்குங்கள்.