புதுப்பிப்பு: அப்பாவின் கன்னத்துக் கட்டி, நான்காவது டோஸுக்குப் பிறகு

போன பதிவில் சொன்ன மெர்க்கல் செல் கார்சினோமா என்ற அரிய தோல் புற்றுநோய்தான்: அப்பாவின் கன்னத்தில் வலியே இல்லாமல் வளர்ந்த செந்நீலக் கட்டி, கழுத்து நெறிக்கட்டி வரை பரவியது. நேற்று நான்காவது டோஸ் பெம்புரோலிசுமாப், அதாவது நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டிவிடும் மருந்து. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், அரை மணி நேர ட்ரிப்ஸ். புளியங்கொட்டை அளவு இருந்த கழுத்துக் கட்டி இப்போது தடவினால்தான் தெரிகிறது. ஸ்கேன் வரட்டும், அப்புறம் சந்தோஷப்படலாம்.

‘கீமோதானே?’ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களான நம் டி செல்களில் பிடி-1 என்றொரு பிரேக் உண்டு. புற்றுநோய் அதை அழுத்திப் பிடித்திருக்கும், மருந்து விடுவிக்கிறது. இந்நோயில் சுமார் 80 சதவீதம், 2008இல் கண்டறிந்த ஒரு பாலியோமா வைரஸால் வருவது. அதன் புரதம் டி செல்லுக்கு அந்நியம், சட்டென்று அடையாளம் தெரியும்.

பிரேக் விட்ட டி செல்களால் தைராய்டுக்கும் அடி. தினமும் வெறும் வயிற்றில் தைராக்சின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரை. காபி தள்ளிப்போவதில்தான் அப்பாவுக்குக் கோபம்.