செலின் டியோன் ஆவணப்பட டிரெய்லர்: துணிச்சலைக் காட்டுகிறதா, விற்கிறதா?

கத்தரிக்கோல்:
கனடாப் பாடகி செலின் டியோனைப் பற்றி 2024 ஜூன் 25 அன்று பிரைம் வீடியோவில் வந்த ‘ஐ ஆம்: செலின் டியோன்’ படத்துக்கு (இயக்கம் ஐரீன் டெய்லர்) மே மாதம் ஒரு டிரெய்லர் விட்டார்கள். அரிய நரம்பு நோய் வந்திருக்கிறது, இதற்கு முன் சொல்லும் மனநிலை இல்லை, இப்போது சொல்கிறேன் என்கிறார் செலின். ரசிகர்களைப் பிரிந்திருக்க முடியவில்லை என்று அழுகிறார். ஓட முடியாவிட்டால் நடப்பேன், நடக்க முடியாவிட்டால் தவழ்வேன், நிறுத்தமாட்டேன் என்கிறார்.

இது வேலை செய்கிறது என்பது என் கட்சி. இழப்பைப் பார்த்த பிறகு வருவதால்தான் ‘தவழ்வேன்’ எடுபடுகிறது. முதல் பத்து விநாடியிலேயே அதை வைத்திருந்தால் உடற்பயிற்சிக் கூடத்துச் சுவரொட்டி ஆகியிருக்கும்.

இந்த வகை வெட்டுபவர்களுக்கு ஒரு குறிப்பு. அழுகிற பைட்டில் (பேட்டித் துண்டில்) சொல்லுக்கு முன் வரும் மூச்சை விட்டுவையுங்கள். விநாடிக்கு 24 ஃபிரேம் ஓடும் டைம்லைனில் 12 முதல் 18 ஃபிரேம், அதாவது அரை முதல் முக்கால் விநாடி போதும். அதை நறுக்கினால் ஒப்பித்தது போல ஆகிவிடும். பியானோவைச் சொல் முடிந்து ஒரு விநாடி கழித்து ஏற்றுங்கள். முன்பே ஏற்றினால் ‘இப்போ அழு’ என்று பார்ப்பவனிடம் சொன்னதாகிவிடும்.

நரம்பிழை:
வெட்டு நன்றாக இருக்கிறது, மறுக்கவில்லை. வாதம்தான் தப்பு. அவருக்கு இருப்பது ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம். 2022 டிசம்பரில் அவரே அறிவித்தார். பத்து லட்சத்தில் ஒருவர் இருவருக்கு வருவது. தசையைத் தளர்த்தச் சொல்லும் காபா சமிக்ஞை குறைந்து, மடக்கும் தசையும் நீட்டும் தசையும் ஒரே நேரத்தில் இறுகுகின்றன. பெரும்பாலானவர்களின் இரத்தத்தில், காபாவை உண்டாக்கும் ஜி.ஏ.டி.65 என்ற நொதிக்கு எதிரான எதிர்ப்பொருள் இருக்கும். இந்தத் தசைப்பிடிப்பைத் தூண்டுபவை எவை? திடீர்ச் சத்தம், தொடுகை, உணர்ச்சிக் கொந்தளிப்பு.

இதை வைத்துப் படத்தைப் பாருங்கள். ‘லவ் அகெய்ன்’ பாட்டைப் போராடிப் பதிவு செய்கிறார், நன்றாக வருகிறது, மகிழ்ச்சி. அதன்பின் பிசியோதெரபி மேசையில் பாதத்தில் தொடங்கும் பிடிப்பு உடல் முழுவதும் பரவுகிறது. மூக்கில் மருந்து அடிக்கிறார்கள். பிடித்ததைச் செய்ததே அவரை வீழ்த்துகிறது. ‘நிறுத்தமாட்டேன்’ என்பதை மருந்து போல விற்கும் டிரெய்லர், அவருடைய படத்துக்கே எதிராகப் பேசுகிறது. இந்த நோயில் நேரத்தோடு நிறுத்தத் தெரிவதும் சிகிச்சையில் சேர்த்தி.

ஒலிமேடை:
இரண்டு பேருமே காட்சியை மட்டும் பேசுகிறீர்கள். பாடகியைப் பற்றிய டிரெய்லரில் நம்ப வைப்பது ஒலி. பழைய கச்சேரியின் முழுக்குரலுக்குப் பக்கத்தில் இன்றைய தழுதழுத்த பேச்சுக்குரல். யாரும் விளக்கவே வேண்டாம், காது கணக்குப் போட்டுவிடும்.

இதில் சொதப்புவது மிக்ஸிங்கில். தியேட்டர் டிரெய்லருக்கு 85 டெசிபல் லெக்(எம்) (டிரெய்லர் முழுவதற்குமான சராசரிச் சத்த அளவு) என்ற உச்சவரம்பு இருக்கிறது. யூடியூப் வேறு மாதிரி: சத்தம் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யூ.எஃப்.எஸ்.-க்கு (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) மேலிருந்தால் மொத்தத்தையும் கீழே இழுக்கும். நீங்கள் டிரம்ஸையும் கோரஸையும் அமுக்கி அமுக்கி ஏற்றினால், இழுபடும்போது கிசுகிசுப்பும் சேர்ந்து இறங்கும். போன் ஸ்பீக்கரில் அது கேட்கவே கேட்காது. இன்னொன்று, இரைச்சல் நீக்கியை மூச்சின் மேல் ஓட்டாதீர்கள். குரல் பிளாஸ்டிக் ஆகிவிடும். அறையின் சத்தம் கொஞ்சம் இருக்கட்டும், அந்த ரூம் டோன்தான் ஆள் நிஜமாக அங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்கிறது.

நரம்பிழை சொல்வதில் பாதி சரி. ஆனால் டிரெய்லர் மருத்துவக் கையேடு இல்லையே.

எதிர்க்கரை:
நோயைத் தாங்குவதைத் துணிச்சல் என்று விற்பதே சுலபமான வழி. எதிராளி யாரும் கிடையாது, யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. 2003 மார்ச் 10 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயர் மேடையில், அமெரிக்க அதிபர் புஷ் டெக்ஸாஸ்காரர் என்பதற்காக வெட்கப்படுகிறோம் என்றார், டெக்ஸாஸின் டிக்ஸி சிக்ஸ் இசைக்குழுப் பாடகி நடாலி மெய்ன்ஸ். ஈராக் போர் தொடங்கப் பத்து நாள் இருந்தது. அமெரிக்காவின் கன்ட்ரி இசை வானொலிகள் பல அவர்கள் பாட்டை நிறுத்தின. 2006-ல் அதைப் பற்றி ‘ஷட் அப் அண்ட் சிங்’ படம் வந்தபோது அதன் விளம்பரத்தை என்.பி.சி. தொலைக்காட்சி மறுத்தது, புஷ்ஷை இழிவுபடுத்துகிறது என்று காரணம். மறுத்த செய்தியே அதற்கு விளம்பரமாகிப் போனது. விலை கொடுக்க வேண்டி வந்தால் அது துணிச்சல்.

கத்தரிக்கோல்:
எதிர்க்கரை, விலை இங்கேயும் உண்டு. அந்தப் பிடிப்புக் காட்சியைச் சுருக்க வேண்டாம் என்று இயக்குநரிடம் சொன்னவர் செலினே. தன் உடல் கட்டுக்குள் இல்லாத நிமிடங்களை உலகம் பார்க்கச் சம்மதிப்பதற்கு எதிராளி தேவையா? அந்த நீண்ட காட்சி படத்தின் கடைசிப் பகுதிக்கு என்றே இருக்கிறது, விளம்பரத்தில் உடைத்துக் கொடுக்கவில்லை. இது டிரெய்லரின் ஒழுக்கம் என்பேன்.

ஏமாற்று வெட்டைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை சொல்கிறேன், எந்த டிரெய்லருக்கும் பொருந்தும். முக்கியமான வாக்குறுதி வரும்போது உதடு திரையில் இருக்கிறதா? பாதி வாக்கியத்தில் கைக்கோ ஜன்னலுக்கோ தாவினால், இரண்டு பேட்டிகளின் சொற்களை ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. ஹெட்போனில் கேட்டால் ஒட்டிய இடத்தில் ரூம் டோன் மாறுவது தெரியும்.

நரம்பிழை:
ஒட்டு இல்லாத வாக்கியமும் தவறான எண்ணத்தைக் கொடுக்கலாம். படத்தில் இதைவிடத் துணிச்சலான பேச்சு இருக்கிறது. குரல் வராத இரவுகளில் மைக்கை ரசிகர்கள் பக்கம் நீட்டியதாக, மைக்கில்தான் கோளாறு என்பது போலத் தட்டிக் காட்டியதாக அவரே சொல்கிறார். வருஷக்கணக்காக மறைத்த பொய்யின் பாரம் இனித் தாங்காது என்கிறார். தனக்குப் பாதகமானதைத் தானே சொல்வது. ‘தவழ்வேன்’ இருந்த இடத்தில் இதை வைத்துப் பாருங்கள்.

கத்தரிக்கோல்:
நல்ல பைட்தான். ஆனால் தனியாக வைத்தால் மறுநாள் காலை ‘ரசிகர்களை ஏமாற்றிய பாடகி’ என்று தலைப்பு ஓடும். நோய் என்ன, எப்போதிலிருந்து என்று முன்னால் நிறுத்த இருபது விநாடியாவது வேண்டும். இரண்டரை நிமிடத்தில் அது பெரிய செலவு.

நரம்பிழை:
பழைய கச்சேரித் துண்டுகளில் இரண்டை எடுத்தால் இருபது விநாடி கிடைத்துவிடும். விளம்பரத்துக்கென்று தனியாகக் கட்டும் பாட்டு உரிமைத் தொகையும் மிச்சம்.